ஏழாம் டப்பாவின் நோட்டு

ஜிபிஎஸ் பார்த்து, ஒளித்துவைத்த டப்பாவைத் தேடும் குழு ஒன்று ஏற்காட்டில் கூடியது. கண்டெடுத்தவர் டப்பாவிலிருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இணையத்தில் எழுதவேண்டும்; இடத்தை மட்டும் சொல்லவே கூடாது.

கூரியர் கொடுக்கும் எஸ்தர் குழுவுக்குப் புதுசு. “நேத்து ஏழாம் டப்பா கெடச்சுது” என்றாள்.

ஆயிரம் டப்பா எடுத்ததாக எழுதிவைத்திருந்த தலைவர் வைத்திலிங்கம் சிரித்தார். “அத நான் போன மாசமே எடுத்தாச்சு. நீ எடுத்தேன்னா, இடத்தைச் சொல்லாம நிரூபிம்மா.”

எப்படி முடியும் என்று எல்லோரும் விழித்தார்கள். எஸ்தர் போனில் நோட்டின் படத்தைக் காட்டினாள். டப்பாவை ஒளித்த ரஷீதா, “என் நோட்டேதான்” என்றாள்.

“ஒண்ணுதான் புரியல சார்” என்றாள் எஸ்தர். “நான் போடுறப்ப நோட்டு வெறுமையா இருந்துச்சு. நீங்க எதுல கையெழுத்துப் போட்டீங்க?”

அன்று சாயங்காலமே தலைவரின் ஆயிரம் இருநூறானது. யாரும் கேட்கவில்லை, அவரே அழித்தார்.