பல்லியா, திராட்சையா?

வைத்தியம் கற்றுக்கொடுக்கும் மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவி மங்கையர்க்கரசி அம்மைக்கு வயது நாற்பது. புதிதாகச் சேர்ந்த சீடர் மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற தாசில்தார். அவர் கேள்வி கேட்டாலும் உத்தரவு போடுவது போலவே இருக்கும்.

அன்று மடத்தில் குருபூசை. அறுநூறு இலை. மாசிலாமணிக்கோ பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அவர் மனைவி தையல்நாயகி மூன்று நாளாக மடத்து வார்டில் காய்ச்சலோடு கிடந்தாள். தோட்டத்தில் எதையோ மிதித்திருக்கிறாள். குதிகால் சுரைக்காயாக வீங்கிச் சீழ் வைத்திருந்தது.

காலையில் அந்தச் சீழை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே அம்மையிடம் வந்தார்.

"அம்மா, நம்ம உடம்புச் செல்லே தன்னைத்தானே வெடிச்சுக்கிட்டுச் சாகுது. செத்தா சும்மா சாகக் கூடாதா? அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் கலவரம் பண்ணுது. வீக்கம், காய்ச்சல் எல்லாம் அது கிளப்பி விடுறதுதான்."

"வயசான செல் சத்தமில்லாமதானே போகுது?"

"அதைத்தான் சொல்றேன், இதுவும் அப்படிப் போகட்டும். வெடிக்கிறதைத் தடுக்கிற மருந்தை அலமாரியிலேருந்து எடுத்து மடியில வச்சிருக்கேன். கொடுத்துடட்டுமா?"

"வாங்க, சாம்பார் கொதிச்சுடுச்சான்னு பாத்துட்டு வருவோம்."

மனைவி கிடக்கிற கிடையில் சாம்பார் ஒரு கேடா என்று அவருக்கு ஆத்திரம். ஆனாலும் பின்னால் போனார்.

சமையல்கட்டில் ஒருத்தி திரிந்த பாலை ஓசைப்படாமல் கொண்டுபோய்க் கொட்டினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நிமிடம் தலைமைச் சமையல்காரர் வீரபாகு கரண்டியால் அண்டாவை டங் டங்கென்று அடித்தார்.

"பல்லி! சாம்பார்ல பல்லி விழுந்துடுச்சு! எல்லாரும் மூடியத் தூக்கிப் பாருங்க!"

கத்திக்கொண்டே நூறு பேருக்கான சாம்பாரை அப்படியே வாய்க்காலில் கவிழ்த்தார். சமையல்கட்டு அல்லோலகல்லோலப்பட்டது. கூட்டு அண்டாவின் விளிம்பில் இன்னொரு பல்லி உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, விழுவதற்குள் விரட்டிவிட்டார்கள்.

"தப்பிச்சோம்!" மாசிலாமணி கவலையை மறந்து கைதட்டினார். "மனுஷன் சத்தம் போடாம கொட்டியிருந்தா இன்னொரு பல்லி இருக்கிறது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"



அதற்குள் பாயசக்காரர் அலறினார். "இங்கயும் பல்லி!" மொத்தப் பாயசமும் வாய்க்காலுக்குப் போனது. அதைக் கண்டு ரசத்துக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல் ரசத்தைக் கவிழ்த்தார். வீரபாகு ஓடிவந்து, பாயசம் போன வழியில் கிடந்ததைக் கரண்டியில் அள்ளிக் காட்டினார்.

ஊறிப் பெருத்த திராட்சை.

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பாயசக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மாசிலாமணி சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரிங்கம்மா. இப்ப மருந்தைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா?"

"பல்லியா திராட்சையான்னு பாத்தீங்களா?"

அவர் வார்டுக்கு ஓடினார். மனைவியின் குதிகாலைப் பூதக்கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"மூணு நாளா என் மூஞ்சியப் பாத்துத்தான் அழுதீங்க. இப்பவாவது காலப் பாக்கத் தோணுச்சே" என்றாள் தையல்நாயகி.

சீழுக்கு அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார். அவள் போட்ட அலறலோடு அரை அங்குலக் கருவேல முள் வெளியே வந்தது.

"பல்லி! பல்லி அகப்பட்டுடுச்சு!"

அம்மை வாசலில் நின்றிருந்தார்.

"மெதுவா, தாசில்தாரே. ஆறாம் கட்டில் வரைக்கும் எல்லாரும் காலத் தூக்கிப் பாத்துக்கிட்டிருக்காங்க."

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. தையல்நாயகி எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது, பாயசம் இருக்கா?" என்று கேட்டாள். மாசிலாமணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மருந்துப் புட்டியைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"அப்ப இந்த மருந்து யாருக்கும்மா?"

"திராட்சைக்கெல்லாம் வெடிக்கிற பாயசக்காரருக்கு."