மிளகுக்கு ஒரு துணை

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டுப் பந்தியில் ஒவ்வொருவருக்கும் உட்கார ஒரு கோரைத் தடுக்கு. ஒருவர் இறந்துபோனால் அவர் தடுக்கை உடனே சுருட்டமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான் சுருட்ட வேண்டும்.

ஏகாம்பரத்தின் மனைவி கோமளா போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. அவள் தடுக்கு அவர் பக்கத்தில் விரித்தபடியே கிடந்தது. சாம்பார் வாளி தூக்கி வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கோமளா இரண்டு முயல்கள் வளர்த்தாள். வெள்ளை முயல் பஞ்சு, கறுப்பு முயல் மிளகு. இப்போது பஞ்சும் செத்துப்போனது. பஞ்சு படுத்திருந்த சாக்கில் ஏறி, சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது மிளகு. புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முயல் தின்னாமல் கிடந்தால் குடல் நின்றுபோகும், அப்புறம் பிழைக்காது. இது ஏகாம்பரத்துக்குத் தெரியும். மிளகும் போய்விட்டால் கோமளா கை பட்டு வளர்ந்தது என்று எதுவுமே மிஞ்சாது.

சந்தைக்கு ஓடினார். ஒரு சாம்பல் நிற முயலை வாங்கி வந்து, பஞ்சுவின் சாக்கிலேயே இறக்கிவிட்டார். பழகிய வாசனை, மிளகு ஏற்றுக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

மிளகு பாய்ந்து அதன் காதைக் கடித்துக் கிழித்தது.

மடத்தின் குரு தையல்நாயகி அம்மைக்கு ஏகாம்பரத்தின் மகளாகும் வயதுதான் இருக்கும். ஏகாம்பரம் அவர் முன்னால் போய் நின்றார்.

"துணைக்குன்னுதாம்மா வாங்கிட்டு வந்தேன். கடிச்சு வச்சிருக்கு. எப்பதான் அது இன்னொன்னைச் சேத்துக்கும்?"

"காதுக்கு மருந்து போட்டீங்களா?"

"மஞ்சள் வச்சிருக்கேன்."

"சரி, சாப்பிட வாங்க."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்.

வேதாசலம் என்று ஒருவர் அன்று காலைதான் மடத்தில் சேர்ந்திருந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். தையல்நாயகி அம்மை கோமளாவின் தடுக்கைக் காட்டினார்.

"அங்க உக்காருங்க."

பாவம், அவர் உட்காரப்போனார். ஏகாம்பரத்தின் கை அவரைப் பிடித்துத் தள்ளியது. தண்ணீர்ச் செம்பு உருண்டு, இலையெல்லாம் நனைந்தது.

"அது என் வீட்டுக்காரி இடம்."

வேதாசலம் பின்வாங்கினார். "நீங்க இப்படி எதிர்வரிசைக்கு வாங்க" என்று அம்மை அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

ஏகாம்பரம் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு நேராக அம்மையிடம் போனார்.

"என்னை ஏம்மா அப்படிப் பண்ண வச்சீங்க? எனக்கு மானமே போச்சு."

"மிளகு ரத்தம் வரக் கடிச்சுது. நீங்க தண்ணியக் கொட்டினதோட விட்டுட்டீங்க. பரவாயில்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அந்தப் புது முயலைத் திருப்பிக் குடுத்துடட்டுமா?"

"எதுக்கு? நடுவுல ஒரு கம்பிவலை கட்டுங்க, அந்தப் பக்கம் இருந்துட்டுப் போகட்டும். வேதாசலம் எதிர்ல உக்காந்து சாப்பிடலையா?"

"அதைச் சேத்துக்கற வரைக்கும் மிளகு பட்டினி கிடந்தா செத்துடும்மா."

"கோமளாம்மா போனப்ப நீங்களும் பட்டினிதான் கிடந்தீங்க. யாரு ஊட்டிவிட்டா?"

யாரும் ஊட்டவில்லை. அன்று தையல்நாயகி அம்மை தன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஏகாம்பரத்தின் அறைக்கு வந்தார். எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், தன் பாட்டுக்குச் சாப்பிட்டார். ரசத்தின் வாசனை மூக்கில் ஏறி, கிழவருக்கே தெரியாமல் அவர் கை அந்தத் தட்டுக்குப் போனது. அதெல்லாம் ஏகாம்பரத்துக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

ஒரு கட்டு கொத்தமல்லியோடு முயல் கொட்டிலுக்குள் நுழைந்து உட்கார்ந்தார். மிளகுக்கு நீட்டவில்லை. தானே தண்டைக் கடித்து மென்றார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். பொழுது சாயும் நேரத்தில் மிளகு சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியது. மெல்ல நகர்ந்து வந்து, அவர் கையிலிருந்த தண்டின் மறுமுனையைக் கொறித்தது. கிழவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு மிளகு ஒழுங்காகத் தின்றது. வலைக்கு அந்தப் பக்கம் சாம்பல் முயலின் காதும் ஆறியது. சில நாள் இரண்டும் வலையோரமாக முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தன. ஆனாலும் இருட்டியதும் மிளகு பஞ்சுவின் சாக்குக்கே திரும்பிப் போனது.

ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் அம்மையிடம் வந்தார். அம்மை மதியப் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சாக்குதாம்மா எல்லாத்துக்கும் காரணம். நைஞ்சு நாராப் போயிடுச்சு, நாத்தம் வேற. அது அங்க கிடக்கிற வரைக்கும் மிளகு மாறாது. நானே தூக்கிப் போட்டுட்டு, வலையையும் எடுத்துடறேன். இன்னும் எத்தனை நாள்தான் பாக்கறது?"

அம்மை கத்தியைக் கீழே வைத்தார். திறந்திருந்த கதவு வழியாகப் பந்திக்கூடம் தெரிந்தது. வேதாசலம் அங்கே தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கோமளாவின் தடுக்கு வந்ததும் விளக்குமாற்றை நிறுத்தி, தடுக்கின் ஓரத்தை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பெருக்கிவிட்டு, இருந்தபடியே விரித்துவைத்தார்.

ஏகாம்பரமும் அதைப் பார்த்தார்.

"எப்ப எடுக்கப்போறீங்கன்னு நாங்க ஒருநாளாவது உங்களைக் கேட்டோமாய்யா?" என்றார் தையல்நாயகி அம்மை.