தாங்குகிறது என்று சொன்ன சருகுமான்

ஒரு காட்டில், பொழுது சாய்ந்து பறவைகளெல்லாம் அடங்கிய பிறகு, மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. பல் இல்லாத வாயால் யாரோ சரளைக்கல்லை மெல்லுவது போன்ற சத்தம். கொஞ்ச நேரம் மெல்லும். பிறகு 'களுக்' என்று விழுங்கும். மறுபடியும் மெல்லும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு பச்சைப் புல்வெளியின் ஓரத்து வீட்டில், சருகுமான் ஒருத்தி தூங்காமல் கிடந்தாள்.

சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? பெயர்தான் மான், ஆள் முயல் அளவுதான். காய்ந்த இலைமேல் நடந்தாலும் இலை நொறுங்காது. அத்தனை இலேசு.

அவளுக்கு இரண்டு குட்டிகள். மூத்தவள் சிட்டி, ஓரிடத்தில் நிற்கமாட்டாள். சின்னவன் பொட்டு, அம்மாவின் வயிற்றைவிட்டு நகரமாட்டான்.

"அம்மா, அது என்ன சத்தம்?" என்றாள் சிட்டி.

"காற்று. கண்ணை மூடு."

"காற்று எப்படித் தரைக்குள்ளே போச்சு?"

அம்மா எழுந்து போய்க் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். அது எப்போதும் போலத் துளைக்குக் கொஞ்சம் கீழே, நிலைக்கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தாழ்ப்பாள் துளைக்குள் போனதே இல்லை. அவள் கதவில் முதுகைச் சாய்த்து, விடியும் வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த வீடு அவளுக்குக் கிடைத்த கதையைச் சொல்கிறேன்.

இப்போது புல்வெளியாக இருக்கும் இடம் முன்பு ஒரு குன்று. குன்றுக்கு அடியில் உப்புக்கல் இருந்தது. காட்டுப்பன்றிகள் அதைத் தோண்டி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தன. அந்தக் காட்டில் உப்பு நக்காத நாக்கே கிடையாது. குன்று குழியாயிற்று. குழி பள்ளமாயிற்று. எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம்.

தோண்டுகிறவர்களுக்கு அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேலே உள்ள கறுப்பு மண்ணைத் தனியாகக் குவித்து வைக்கவேண்டும். அடியிலிருந்து வரும் கல்லையும் களிமண்ணையும் வேறாகக் குவிக்கவேண்டும். வேலை முடிந்ததும் கல்லை அடியில் போட்டு, களியை நடுவில் போட்டு, கறுப்பு மண்ணை மேலே பரப்பி, விதை தூவவேண்டும். கடைசியாக, பள்ளத்துக்கு மிக அருகில் குடியிருப்பவர் தம் பிள்ளைகளோடு அதன்மேல் நடந்து, "தாங்குகிறது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். அதற்கு மிதிசாட்சி என்று பெயர். மிதிசாட்சி சொல்லியாகிவிட்டால் தோண்டியவர்கள் அடுத்த குன்றுக்குப் போகலாம். அப்புறம் யாரும் அவர்களைத் திரும்பக் கூப்பிட முடியாது.

முன்பெல்லாம் பக்கத்துக் குடி காட்டெருமைதான். ஒருமுறை அவர் கால் வைத்ததும் முழங்கால் வரை புதைந்துவிட்டது. "மறுபடியும் நிரப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பன்றிகள் மூச்சு வாங்க மறுபடியும் நிரப்பின.

இந்தப் பள்ளத்தை நிரப்ப மண்ணே இல்லை. கல்லையும் களியையும் பன்றிகள் ஓடையில் தள்ளிவிட்டிருந்தன. ஓடை சிவந்துபோய்க் கசந்தது. கறுப்பு மண்ணில் பாதியை மழை கொண்டுபோயிருந்தது.

பன்றிகளின் தலைவர் நரியைக் கூப்பிட்டார். நரி அவர்களுக்காகப் பேசுகிறவன்.

"இதை நிரப்ப என் பேரன் காலம் வரை ஆகும்," என்றார் தலைவர்.

"நிரப்பவேண்டாம் ஐயா, மூடினால் போதும்," என்றான் நரி. "பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்."

காட்டெருமைக்கு மலைக்கு அந்தப் பக்கம் நல்ல புல் காட்டப்பட்டது. அவர் போய்விட்டார். பிறகு நரி சருகுமானைத் தேடி வந்தான். அப்போது அவள் புதருக்குப் புதர் ஒதுங்கிக்கொண்டிருந்தாள். குட்டிகளின் அப்பாவைச் சிறுத்தை கொண்டுபோய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது.

"தங்கச்சி, உனக்கொரு வீடு," என்றான் நரி. "கல் வீடு. கதவு உண்டு."

"கதவா?" என்றாள் அவள். மற்ற எதுவும் அவள் காதில் விழவில்லை.

வீடு பள்ளத்தின் விளிம்பிலேயே இருந்தது. பன்றிகள் பள்ளத்தின்மேல் மூங்கில் பரப்பி, இலை போட்டு, மிச்சமிருந்த கறுப்பு மண்ணைத் தூவி, வேறெங்கோ வெட்டிய புல்லைப் பாய்போல விரித்திருந்தன. பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தது.

எல்லா மிருகங்களும் கூடின. சருகுமான் பிள்ளைகளோடு புல்லில் இறங்கி நடந்தாள். காலடியில் ஏதோ தொட்டில் போல மெல்ல அசைந்தது. அவள் நின்றாள். வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். இரவில் சிறுத்தை நடக்கும் வழியை நினைத்தாள்.

"தாங்குகிறது," என்றாள்.

பன்றிகள் அன்றைக்கே அடுத்த குன்றுக்குப் போய்விட்டன. சாயங்காலம்தான் தாழ்ப்பாள் சேரவில்லை என்பதை அவள் கண்டாள்.

"புது வீடு அப்படித்தான் இருக்கும்," என்று நரி சிரித்தான். "நிலம் கொஞ்சம் படியட்டும். தாழ்ப்பாள் தானாகப் போய்ச் சேரும்."

சத்தம் கேட்ட இரவுக்கு மறுநாள் காலையில், "புல்லில் இறங்காதீர்கள்" என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டு, சருகுமான் அடுத்த குன்றுக்கு ஓடினாள். அங்கே புதுப் பள்ளம் ஒன்று இடுப்பளவு இறங்கியிருந்தது.

"ஐயா, பழைய பள்ளத்துக்குள் சத்தம் வருகிறது," என்றாள்.

தலைவர் மண் படிந்த மூஞ்சியை நிமிர்த்தினார். "எந்தப் பள்ளம்? அங்கே புல்வெளி அல்லவா இருக்கிறது?"

"கீழே மண் சரிகிறது போலிருக்கிறது. என் குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள்."

நரி பக்கத்தில் வந்தான். "தங்கச்சி, அதன்மேல் நடந்தது யார்?"

"நான்தான்."

"தாங்குகிறது என்று சொன்னது யார்?"

"நான்தான். ஆனால்..."

"இப்போது தாங்காது என்கிறாய். அப்படியென்றால் அன்றைக்கு ஊர்கூடி நின்ற இடத்தில் பொய் சொன்னாயா? பொய் சொல்லி வீடு வாங்கினாயா?" நரி குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு ஒன்றுமில்லை. உன் பிள்ளைகளை நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசி."

பன்றிகள் சிரித்தன. ஒரு பன்றி, "உப்பு வேண்டுமா, அக்கா? ஒரு கட்டி எடுத்துப் போங்கள்," என்றது.

அவள் அங்கிருந்து காட்டெருமையைத் தேடிப் போனாள். அவர் புல் மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"பெரியப்பா, நீங்கள் ஒருமுறை வந்து கால் வைத்தால் போதும். எல்லோருக்கும் தெரிந்துவிடும்."

"தெரியும். நான் உள்ளே போன பிறகு தெரியும்," என்றார் காட்டெருமை. "அன்றைக்கு என்னை ஏன் கூப்பிடவில்லை, மகளே?"

அவள் தலை குனிந்தாள். "வீடு கொடுத்தார்கள்."

"எனக்குப் புல் கொடுத்தார்கள்," என்றார் அவர். மறுபடியும் மேயத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இன்றே கிளம்பிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். எங்கே போவது? ஒருபக்கம் சிறுத்தை. ஒருபக்கம் புதுப் பள்ளம். ஒருபக்கம் கசக்கும் ஓடை. யோசித்துக்கொண்டே ஓடினாள்.

வீட்டு வாசலில் பொட்டு மட்டும் நின்றான்.

"அக்கா எங்கே?"

"உன்னைப் பார்க்கப் புல்லில் போச்சு. சுற்றிப் போனால் நேரமாகுமாம். அம்மா நடந்த இடம்தானே, தாங்கும் என்று சொல்லிச்சு."

புல்வெளியின் நடுவில், ஒரு குட்டி புகும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. நனைந்த மண் அதன் விளிம்பிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

சருகுமான் புல்மேல் ஓடினாள். ஓட்டையின் ஓரத்தில் படுத்துத் தலையை உள்ளே நீட்டினாள். புல் அவளைத் தாங்கியது. குழந்தைகளே, அப்போதும் அவளை மட்டும் அது தாங்கியது.

"சிட்டி!"

"அம்மா," என்று எங்கோ ஆழத்திலிருந்து குரல் வந்தது. "இங்கே தரையே இல்லை, அம்மா."

"எதையாவது பிடித்துக்கொள், கண்ணே."

"மூங்கில் இருக்கு. வழுக்குது." கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணீர் கசக்குது," என்றது குரல்.

அதன்பிறகு அந்த மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு 'களுக்' என்று ஒருமுறை.

மிருகங்கள் வந்தன. தூரத்திலேயே நின்றன. ஒருவரும் புல்லில் கால் வைக்கவில்லை. இருட்டும் நேரத்தில் நரியும் தலைவரும் வந்தார்கள்.

"பாவம்," என்றான் நரி. "துள்ளுகிற வயது. துள்ளின இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. பள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பள்ளம் மூடியாயிற்று, சாட்சி இருக்கிறது."

இரண்டு பன்றிக்குட்டிகள் புதுப் புல் விரித்த மூங்கில் தட்டியை விளிம்பிலிருந்தே தள்ளி, ஓட்டையை மூடின. அது பார்க்கப் பழைய புல்லைவிட அழகாக இருந்தது.

"தங்கச்சி, ஒரே ஒருமுறை," என்றான் நரி. "பொட்டுவோடு நடந்துவிடு. ஊருக்குப் பயம் தெளியட்டும்."

"நடக்கமாட்டேன்," என்றாள் சருகுமான். "அது தாங்காது. தாங்காது. அன்றைக்கே எனக்குத் தெரியும்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "அன்றைக்கே தெரியுமாம்," என்றது முள்ளம்பன்றி. "தெரிந்துதான் பெற்ற பிள்ளையை நடக்கவிட்டாளா?"

நரி பெருமூச்சு விட்டான். "நடக்காவிட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான். நாளைக்கு விடிந்ததும் போகலாம், இப்போது இருட்டிவிட்டது." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்: "வீடு யாருக்கு வேண்டும்? கல் வீடு. கதவு உண்டு."

கூட்டத்தின் கடைசியில் ஒரு முயல் நின்றாள். அவளைச் சுற்றி நிறையக் குட்டிகள். எல்லாம் மழையில் நனைந்து நடுங்கின.

"வேண்டாம், தங்கச்சி," என்றாள் சருகுமான். "கால் வைக்கும்போதே தெரியும், தொட்டில் மாதிரி ஆடும். நான் சொல்வதைக் கேள்."

முயல் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்தாள். "உனக்கு இத்தனை நாள் கதவு இருந்தது, அக்கா. எனக்கு நேற்று ஆறு குட்டி, இன்றைக்கு ஐந்து."

முயல் குட்டிகளோடு புல்லில் இறங்கினாள். நடுவில் ஒரு கணம் நின்றாள். ஏன் நின்றாள் என்பது அங்கே சருகுமான் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"தாங்குகிறது," என்றாள் முயல்.

எல்லோரும் கலைந்து போனார்கள். காலையில் வருவதாகச் சொல்லி முயலும் போனாள்.

மழை விட்டிருந்தது. சருகுமான் பொட்டுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். விடிகிற வரைதான் இந்த வீடு. முன்கால்களை மடக்கி மண்டியிட்டு, மூத்தவளின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வெளியே, ஓடைப் பக்கம் சிறுத்தை ஒருமுறை உறுமியது.

"அம்மா, கதவு," என்றான் பொட்டு.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். பழக்கதோஷத்தில் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது முட்டவில்லை. நிலைக்கல்லின் துளைக்குள் வெண்ணெயில் விரல் போவது போலப் போய், 'டக்' என்று உட்கார்ந்தது.

"சேர்ந்துடுச்சு அம்மா!" என்று பொட்டு துள்ளினான். "இனிமேல் சிறுத்தை வராது."

அவளுக்கும் ஒரு மூச்சு நிம்மதியாகத்தான் வந்தது. அடுத்த மூச்சில் நரி சொன்னது நினைவுக்கு வந்தது: நிலம் படியட்டும், தாழ்ப்பாள் தானாகப் போய்ச் சேரும்.

நிலைக்கல் இறங்கியிருந்தது. வீடு பள்ளத்தின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர்கள் நின்ற தரைக்கு நேர் கீழே அந்தச் சத்தம் மெல்லத் தொடங்கியது. அவள் தாழ்ப்பாளைப் பல்லால் கடித்து இழுத்தாள். மேலிருந்து கல் அழுத்த, அது உள்ளேயே இறுகி நின்றது.

நீதி: தோண்டியவர்கள் நிரப்பாமல் போகும் பள்ளத்தை, அதன் ஓரத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளே நிரப்ப வேண்டி வரும்.