தினை கடந்த பொட்டல்

ஒரு முட்காட்டில் கவுதாரிகளுக்கு நான்கு அநியாயங்கள் நடந்தன. குழந்தைகளே, நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசை மாறினால் அநியாயம் சின்னதாகத் தெரியும்.

முதலாவது, காட்டில் இருந்த ஒரே ஊற்றைச் சுற்றி மயில்கள் குடியேறி, ஊற்று தங்களுடையது என்றன. இரண்டாவது, நியாயம் கேட்கப் போன கவுதாரிகளை, "உயரப் பறக்கத் தெரியாத கூட்டம்" என்று சொல்லிச் சிரித்தன. மயில் மட்டும் மேகத்தைத் தொட்டுவிட்டு வந்ததா என்ன? மூன்றாவது, கவுதாரிகள் தண்ணீருக்கு வெட்ட வெளிப் பொட்டல் வழியாக ஓடித்தான் வரவேண்டும், சிறகை விரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டன. நான்காவதுதான் கொடுமை. ஒவ்வொரு குஞ்சும் அப்பாவோடோ அம்மாவோடோ ஒருமுறை அந்தப் பொட்டலை அருகருகே ஓடிக் கடக்கவேண்டும். அப்படிக் கடந்து, சாட்சிகள் முன் பெயர் வாசிக்கப்பட்ட குஞ்சுக்குத்தான் கோடையில் தண்ணீர்.

இந்த நான்கையும் எதிர்த்துத் தொண்டை வற்றக் கூவியவன் கருவேலன் என்னும் கவுதாரி. எல்லா ஊர்வலத்திலும் முதல் ஆளாகப் போனவன். ஒரு மோதலில் கால்விரல் ஒன்றை இழந்திருந்தான். அந்தக் காலை யாரும் கேட்காமலே காட்டுவான்.

அவன் மகள் தினை பிறந்து முப்பது நாள் ஆகியிருந்தது. புல்நுனியில் பனித்துளி குடித்து வளர்ந்தவள். கோடை வந்தது. பனி நின்றுவிட்டது.

"நான்கு நாளில் சாட்சிகள் வருகிறார்கள். வா, ஓடிப் பழகலாம்" என்றான் கருவேலன். சொன்ன கையோடு ஓடினான். பொட்டலின் மறுகோடியில்தான் திரும்பிப் பார்த்தான். பாதி வழியில், வாயைத் திறந்தபடி தினை உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் நின்றாய்?"

"நான் நிற்கவில்லை அப்பா. நீங்கள்தான் போய்விட்டீர்கள்."

மறுபடி ஓடினார்கள். மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை தினை காரைப்புதருக்குள் புகுந்துகொண்டு, "எனக்குத் தண்ணீரே வேண்டாம்" என்றாள். அவள் குரல் காய்ந்து போயிருந்தது.

தாய்க் கவுதாரி சாமை அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் ஊர்வலம் போகிறீர்கள். பிள்ளையோடு ஓடவில்லை" என்றாள்.

"முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்தால் பின்னால் வருகிறவர்களுக்குப் பயம் வந்துவிடும்."

"பின்னால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா?"

கருவேலன் மனத்துக்குள் எண்ணினான். யாரும் வரவில்லை.

பிறகு புதரடியில் போய்க் குனிந்தான். "தாயி, நாளையிலிருந்து நீ சொல்கிறபடி. ஓடு என்றால் ஓடுகிறேன். நில் என்றால் நிற்கிறேன்."

"நிஜமாகவா?"

"கூட்டத்தில் கொடுத்த வாக்கை நான் மாற்றியதே இல்லை."

"இது கூட்டம் இல்லையே, அப்பா."

"ஏன், இரண்டு பேர் இருக்கிறோமே."

மறுநாள், பொட்டலில் நின்ற முதலாவது கள்ளிச்செடி வரைதான் ஓடினார்கள். அதற்குள் தினை ஏழு தடவை "நில்" என்றாள், சும்மா சோதிப்பதற்காக. ஏழு தடவையும் அவன் நின்றான். அவனுடைய ஓர் எட்டுக்கு அவளுக்கு நான்கு எட்டு வேண்டியிருந்தது. அவன் தன் எட்டைச் சுருக்கினான். நீளமாக ஓடியே பழகிய கால் முதலில் முரண்டு பிடித்தது. தினையோ கதை பேசிக்கொண்டே ஓடினாள். அவளுக்குப் பேச்சு திணறினால் இருவரும் நடந்தார்கள். அடுத்த நாள் இரண்டாவது கள்ளி. அதற்கு அடுத்த நாள் பாதிப் பொட்டல்.

நான்காம் நாள் காலை ஊற்றங்கரையில் மயிலும் உடும்பும் சாட்சிகளாக நின்றன. பெயர் வாசிக்க ஓலையோடு ஆமை வந்திருந்தது.

அப்பாவும் மகளும் புறப்பட்டார்கள். நடுப்பொட்டலுக்கு வந்ததும் மயில் கழுத்தை நீட்டிக் கூவியது. கருவேலனை ரோஷப்படுத்தி முன்னால் ஓடவைத்துவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்பது அதன் கணக்கு.

"என்ன கருவேலா, கிழடு தட்டிவிட்டதா? காட்டிலேயே வேகமானவன் என்றார்கள். நம் ஆமையே உன்னை முந்திவிடும் போலிருக்கிறதே."

"என்னை ஏன் இழுக்கிறீர்கள்?" என்றது ஆமை.

கருவேலனுக்கு ரத்தம் கொதித்தது. கால் தானாக ஓர் எட்டு எடுக்க எழுந்தது.

"அப்பா, நில்."

தூக்கிய காலோடு நின்றான். தினைக்கு மூச்சு வாங்கியது. கண்ணெதிரே ஒரு கறையான் ஊர்ந்தது. அதைக் கொத்தி விழுங்கினாள்.

"சாப்பிட்டாயா?"

"இன்னும் ஒன்று இருக்கிறது."

"அதையும் சாப்பிடு."

"இது ஓட்டமா, விருந்தா?" என்று கேட்டது மயில்.

"சிறகை விரிக்காதே என்றீர்கள், விரிக்கவில்லை. அருகருகே வா என்றீர்கள், வருகிறோம். நிற்காமல் வா, வேகமாக வா என்றெல்லாம் உங்கள் சட்டத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான் கருவேலன்.

மயில் உடும்பைப் பார்த்தது. "இல்லைதான்" என்றது உடும்பு. அடுத்தவருக்காகச் சட்டம் போடுகிறவர்கள் எப்போதும் அரைகுறையாகத்தான் போடுவார்கள், குழந்தைகளே.

"அப்பா, ஓடு" என்றாள் தினை.

கடைசிப் பாதியை அவள் ஒரே மூச்சில் ஓடினாள். அவன் தோளோடு தோளாகக் கூடவே வந்தான். ஆமை மணலில் இறங்கித் தடங்களைப் பார்த்தது. பெரிய தடமும் சின்னத் தடமும் கடைசிவரை இணைபிரியாமல் வந்திருந்தன.

ஆமை ஓலையை விரித்தது. "வழக்கப்படி பெற்றவர் பெயர்தான் முதலில். கருவேலன்..."

"நிறுத்துங்கள். என் பெயரை இந்தக் காடு போதுமான அளவு கேட்டுவிட்டது. ஓடி வந்தவள் பெயரை மட்டும் வாசியுங்கள்."

 ஆமை, உடும்பும் மயிலும் கேட்க, நிறுத்தி நிதானமாக, உரக்க வாசித்தது:

"தினை."

நீதி: குழந்தையை ஓடப் பழக்குகிறவர், குழந்தையின் எட்டுக்குத் தம் எட்டைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.