பந்தலைப் பிரிக்கச் சொன்ன ராஜா

கோபப்படுவதில் இடும்பவர்மனை மிஞ்ச ஆளே கிடையாது. இருமல் வந்தால் தன் தொண்டையையே திட்டுவார்! அந்த மகாராஜா ஒருநாள் தோட்டக்காரி செங்கமலத்தின் புடலைப் பந்தலுக்குள் நுழைந்தார். புடலங்காய் சுருளாமல் நீள, நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள் அல்லவா? அந்தக் கல் 'ணங்'கென்று கிரீடத்தில் மோதியது. கிரீடம் உருண்டுபோய்ச் சாணத்தில் விழுந்தது.

"சொந்தமாக நிற்க வக்கில்லாத கொடி என்னை இடிப்பதா? இனி என் நாட்டில் தானாக நிற்காத எதற்கும் யாரும் முட்டுக்கொடுக்கக் கூடாது! நாளைக்கே எல்லாப் பந்தலையும் பிரித்தெறியுங்கள்!"

முரசு அறைந்தார்கள். செங்கமலம், அரசவையில் குறும்புக்குப் பேர்போன கூத்தபிரானிடம் ஓடினாள்.

"சாமி, கொடி தரையில கெடந்தா பிஞ்செல்லாம் அழுகிடும். என் பொழப்பே போச்சு!"

"அழாதே தாயி. காலையில சபைக்கு வா."

மறுநாள் கூத்தபிரான் இரண்டு கைகளாலும் வேட்டியைப் பிடித்தபடி சபைக்குள் வந்தான்.

"என்னய்யா இது? ராஜாவைக் கண்டால் கும்பிட மாட்டாயா?" என்று சீறினார் இடும்பவர்மன்.

"கும்பிட்டா மானம் போயிடும் மகாராஜா! தானா நிக்காத எதுக்கும் முட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவாச்சே. என் வேட்டி தானா நிக்கல. அரைஞாண் கயித்தை அவுத்துட்டேன்."

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் இடுப்பு ஒட்டடைக்கோல்! என் வேட்டியைப் பார், கயிறே இல்லாமல் நிற்கும்!" என்று எழுந்து, தன் பொன் அரைஞாணைக் கழற்றி வீசினார்.

நிற்கத்தான் செய்தது. ராஜா ஜம்பமாக நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். தொப்பை உள்ளே போனது. வேட்டி சரசரவென்று இறங்கியது. ஐயையோ! தொடைவரை போனதை இரண்டு கைகளாலும் பாய்ந்து பிடித்தார். சேனாதிபதி சட்டென்று கூரையை அண்ணாந்து பார்த்தார். பட்டத்து ராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

"அடேய், அரைஞாணை எடுத்துக் கட்டுங்கடா!"

"முட்டுக்கொடுத்தால் குற்றமாச்சே, மகாராஜா!" என்று காவலர்கள் நடுங்கினார்கள்.

"உத்தரவு ரத்து! எல்லாரும் பந்தல் போட்டுக்கொள்ளுங்கள்! கொம்பு நட்டுக்கொள்ளுங்கள்!"

செங்கமலம் சபையென்றும் பாராமல் துள்ளிக் குதித்தாள். ராஜாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க வேட்டி இன்னும் நழுவியது.

"பொல்லாத பயலே! என் முத்துமாலை உனக்குத்தான். நீயே வந்து கழற்றிக்கொள். என் கை இரண்டும் வேலையாக இருக்கிறது!"

"அட போங்க மகாராஜா, என் கை மட்டும் சும்மாவா இருக்கு?"