துருவித் துருவி எடுத்த சேல்ஸ் மேனேஜர்

ஈரோட்டுல கந்தப்பன்னு ஒருத்தரு சாஃப்ட்வேர் கம்பெனி வெச்சிருந்தாருங்க. கடைக்காரங்களுக்குப் பில் போடற சாஃப்ட்வேரு. கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறெல்லாம் அவரு மச்சினனுங்க மயிலு, நாச்சி, ஆறு. மூணு பேரையும் வேலைக்கு வெச்சது அவரில்ல, வீட்டுக்காரம்மா.

அன்னிக்கு நாலு மணிக்குக் காங்கேயத்து ரைஸ்மில் ராக்கியப்பன் வர்றாரு. அவருக்கு வித்தாத்தான் கம்பெனி பொழைக்கும், இல்லேன்னா பூட்டுதான். பேசி விக்க சேல்ஸ் மேனேஜர் கிடையாது. இன்டர்வியூவுக்கு அமலதாஸ்னு ஒருத்தன் மத்தியானமே வந்து உக்காந்துட்டான். கந்தப்பனுக்கோ கடவாப்பல் வீங்கிப்போச்சு.

"ஆளை நீங்களே எடை போட்டு வைங்க மாப்ள"ன்னு சொல்லிட்டு பல் டாக்டர்கிட்ட ஓடிட்டாரு.

எடை போடாம இருப்பாங்களா? பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசுல ஏத்திட்டாங்க.

"அறுவத்தெட்டுதான்டா"ன்னான் மயிலு, எழவு வீட்டு மொகத்தோட. "போன மேனேஜர் எம்பத்திரண்டு."

"இவன் ஷூவோடவா?"

"ஷூவோட."

"அடக் கொடுமையே! அப்ப ஷூவுக்கும் சேத்தில்ல சம்பளம் கேப்பான்?"

கடைக்காரரு பொறுமையா கேட்டாரு: "இதையும் போடறீங்களா, திருப்பிக் கொண்டு போறீங்களா?"

கொண்டு வந்தாங்க. பல் டாக்டர்கிட்ட இருந்து கந்தப்பன் போன் அடிச்சாரு.

"என்றா பண்றீங்க? துருவித் துருவிக் கேளுங்க!"

மெஸ்ஸுல இருந்து தேங்காய் துருவி வந்துச்சு, தேங்காயும் வந்துச்சு. நாச்சி கால நீட்டி உக்காந்தான். "பேரென்னுங்க?" சரக் சரக். "ஊரு?" சரக் சரக்.

அமலதாஸால தாங்க முடியல. "ஏனுங்க, சட்னிக்குங்களா?"

"கேள்வி நாங்கதான் கேக்கோணும்."

ரெண்டு மூடியும் வழுவழுன்னு ஆயிருச்சு. நாச்சி கையத் தட்டிக்கிட்டு எந்திரிச்சான். "அவ்வளவுதான் தம்பி. இன்னொரு தேங்காய் இருந்திருந்தா அனுபவத்தையும் கேட்டிருப்போம்."

மறுபடி போன். "ஊசி போடப்போறாங்க, இனி பேச முடியாது. சாஃப்ட்வேரை ராக்கியப்பன் தலையில எப்பிடியாச்சும் கட்டிருங்க! அமலதாஸ் நல்லாப் பேசறான்னா விட்றாதீங்க, கைக்குள்ளயே போட்டு வைங்க!"

சொன்ன நேரத்துக்கு ராக்கியப்பன் வந்தாரு.

"சாஃப்ட்வேர் எங்கடா இருக்குது?"ன்னு தம்பிங்களக் கேட்டான் மயிலு.

"லேப்டாப்புக்குள்ள."

"அப்ப லேப்டாப்போட கட்டு."

"தலை பத்துமா?"

"பெரிய மனுசருடா. பத்தாம எங்க போவுது?"

அமலதாஸ் குறுக்க பாயறதுக்குள்ள, லேப்டாப்ப உச்சந்தலையில வெச்சு, பட்டுத் துண்டால இறுக்கி, தாடைக்குக் கீழ ஒரு முடிச்சும் போட்டுட்டாங்க.

ராக்கியப்பன் மீசை துடிக்குது. அமலதாஸ் படக்குனு கையக் கூப்பினான். "ஐயாவுக்கு எங்க கம்பெனி பரிவட்டமுங்க."

மனுசனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஊர்க்கோயில்ல பரிவட்டம் வருசா வருசம் பங்காளிக்குத்தான் போவும். "எனக்குன்னு ஒருத்தன் கட்டலீங்களே!"ன்னு மூக்கச் சிந்திக்கிட்டு, தன் மில்லுக்கும் சம்பந்தி மில்லுக்கும் சேத்தே வாங்கிட்டாரு. அவுக்கவே விடல. பங்காளி வீட்டு வழியா போகச் சொல்லி, கட்டோடயே கார்ல ஏறினாரு.

"இவனைக் கைக்குள்ள போடோணுமே?"ன்னான் ஆறு. மூணு பேரும் கை கோத்து வட்டம் கட்டி, அமலதாஸ நடுவுல நிறுத்திட்டாங்க.

கந்தப்பன் வந்தாரு. கன்னம் பூசணிக்கா. நாக்கு மரத்துப்போச்சு. "வ்வு... வ்வுங்கா..."

"மாமா என்னடா சொல்றாரு?"

"இன்னும் இறுக்கச் சொல்றாரு."

இறுக்கினாங்க. "விடச் சொல்றாருங்க!"ன்னு உள்ளயிருந்து அமலதாஸ் கத்தினான்.

"பாரு, நம்ம குடும்பப் பேச்ச ஒட்டுக்கேக்கறான்."

கந்தப்பன் ஒரு காயிதத்துல 'அவனை விடுங்கடா'ன்னு கொட்டை எழுத்துல எழுதி, மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. நாச்சி படக்குனு கண்ண மூடிக்கிட்டான்.

"மாமா எழுதிக் குடுக்கறத எட்டிப் பாத்துப் படிக்கறது மரியாதை இல்லீங்க. ரெண்டு கையிலயும் வாங்கித்தான் படிக்கோணும். செத்த பொறுங்க மாமா, இந்தாள விட்டதும் வாங்கிக்கறோம்."