தொடாத சாமான்

மொட்டைப்பனையூர்க்காரர்கள் மூளையைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள். எடுத்துப் புழங்கித் தேய்த்துவிட மாட்டார்கள்.

அந்த ஊர் கொம்பையாவுக்கு இரண்டே பெருமை. ஒன்று புது சைக்கிள், இன்னொன்று பழைய மீசை. பேசுவதற்கு முன்னால் ஒருதரம், பேசி முடித்து ஒருதரம் மீசையை முறுக்கிக்கொள்வார். அந்த முறுக்கில்தான் மனைவியின் அண்ணன் மாசானத்திடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த வருஷம் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு ஒங்க ஊருக்கு சைக்கிள்லயே வாரேன் மச்சான். வழியில கூடாரம் போட்டுத் தங்கி வருவேன்."

"சைக்கிள்ல வரலைன்னா மீசையை எடுத்துருவியளா மாப்ளே?"

"எடுத்துருதேன்!"

சொன்ன பிறகுதான் மீசையைத் தடவிப் பார்த்தார். பதினெட்டு வருஷ மீசை அது.

பலவேசம், சுடலைக்கண்ணு என்ற இரண்டு மேதைகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, என்னென்ன சாமான் வேண்டும் என்று டவுன் சைக்கிள் கடையில் போய்க் கேட்டார். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். கூடாரம் தண்ணீர் தாங்க வேண்டும். சைக்கிளில் தொங்கும் இரண்டு பைகளிலும் எடை சமமாக இருக்க வேண்டும்.

"கெளம்புறதுக்கு முன்னால ஒருநாள் முழுக்க எல்லாச் சாமானையும் வச்சுக்கிட்டு வீட்டு முத்தத்துல தங்கிப் பாருங்க. அன்னைக்கு எதைத் தொடலையோ அது வேண்டாத சுமை. விட்டுட்டுப் போயிரணும்."

பாவம், நல்ல மனுஷன். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

முற்றத்தில் கூடாரம் எழுந்தது. பலவேசம் கிணற்று நீரை இருபது குடம் இறைத்து அதற்குள்ளே ஊற்றினார். மூவரும் வெளியே குந்திக்கொண்டு உற்றுப் பார்த்தார்கள்.

"ஒரு சொட்டு வெளிய வரலயே. தாங்குதுலே!" என்றார் சுடலைக்கண்ணு. உள்ளே பாயும் தலையணையும் மிதந்துகொண்டிருந்தன.

பைகளில் ஒரு பக்கம் அரிசி, மறு பக்கம் வெல்லம், தராசில் நிறுத்துச் சமமாகப் போட்டிருந்தார்கள். மத்தியானம் ஒரு படி அரிசியைப் பொங்கியதும் பலவேசத்தின் முகம் வாடிப்போனது.

"அண்ணே, அரிசிப் பை எடை கொறஞ்சிட்டே. வண்டி சாயுமே?"

வெகுநேரம் யோசித்துவிட்டு கொம்பையா தீர்ப்புச் சொன்னார். "அப்ப அதே எடைக்கு வெல்லத்தையும் திங்கணும்."

தின்றார்கள். கண்ணில் நீர் வடிய வடியத் தின்றார்கள். காலையில் வெல்லத்தை நிறுத்ததிலிருந்தே கொம்பையாவின் பத்து விரலும் பிசுபிசுத்தன. கழுவலாம் என்றால், தண்ணீரெல்லாம் கூடாரத்துக்குள் சோதனையில் இருந்தது. எறும்பு ஏறிவிடுமே என்று பயந்து, அன்று முழுக்க அவர் மீசைப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.

மறுநாள் காலை சுடலைக்கண்ணு விசாரணை நடத்தினார்.

"காத்தடிக்கிற பம்பு?"

"தொடல."

"பஞ்சர் ஒட்டுற பசை?"

"தொடல."

"அம்மி?"

"தொவையல் அரைச்சோம்லா. அது வரணும்."

சுடலைக்கண்ணு சுவரோரம் பார்த்தார். "மூணு சைக்கிள்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து ஏறவுமில்ல, தொடவுமில்ல," என்றார் பலவேசம். "ஏ அப்பா! தெரியாம இம்புட்டுப் பெரிய சுமையை இழுத்துட்டுப் போயிருப்போமே!"

கொம்பையாவுக்குத் திடீரென்று என்னவோ நினைவு வந்தது. கண்ணாடியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம், புழுதிக்கு முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அம்மியை மாற்றி மாற்றித் தலையில் சுமந்தபடி மூவரும் நடந்து போய்ச் சேர்ந்தார்கள். மாசானம் நாவிதரைப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்.

"சைக்கிள் எங்க மாப்ளே?"

"அது தொடாத சாமான் மச்சான். விட்டுட்டு வந்துட்டோம்."

"அப்ப தோத்துட்டிய. உக்காருங்க, மீசையை எடுப்போம்."

கொம்பையா துண்டை அவிழ்த்தார். மூக்குக்குக் கீழே மொழுமொழுவென்றிருந்தது.

"அதையுந்தான் அன்னைக்குத் தொடலயே! காயிதத்துல மடிச்சு சைக்கிள் சீட்டுல கட்டி, வண்டியையும் பூட்டிட்டு வந்திருக்கேன். இப்ப எதை எடுப்பியன்னு பாப்போம்!"

பலவேசமும் சுடலைக்கண்ணும் கைதட்டினார்கள். கொம்பையா நெஞ்சை நிமிர்த்தி, வெறும் காற்றை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டார்.